கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் செயற்கை மூட்டில் கிருமி இல்லை என்று ஆகிவிடுமா?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஆகியும் அம்மாவுக்கு முட்டி வலி விடவில்லை. மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புகிறார்கள். இரண்டு நாளில் ‘வளர்ச்சி எதுவும் இல்லை’ என்று ரிப்போர்ட் வருகிறது. கிருமி இல்லை என்று வீடே நிம்மதி அடைகிறது.

இன்னொரு வீட்டில் நேர்மாறு. தளர்ந்துபோன மூட்டை மாற்றும்போது ஐந்து திசு மாதிரிகள் எடுத்து அனுப்பினார்கள். ஒன்றில் மட்டும் ‘ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்’ என்ற பாக்டீரியா வளர்ந்ததாக வந்திருக்கிறது. புது மூட்டிலும் கிருமி ஏறிவிட்டது, எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும் என்று வீடே கலங்கிப்போகிறது.

இரண்டு வீட்டிலும் ரிப்போர்ட்டைப் படித்த விதம் தவறாக இருக்கலாம். முதல் அம்மாவின் மூட்டில் கிருமி இருக்கலாம். இரண்டாவது வீட்டில் இல்லாமல் இருக்கலாம். சாதாரணப் புண்ணில் எடுத்த சீழின் கல்ச்சரை எப்படிப் படிப்போமோ அதே கண்ணோடு செயற்கை மூட்டின் கல்ச்சரையும் படிப்பதுதான் கோளாறு. மருத்துவம் படித்தவர்களே இதில் சறுக்குவதுண்டு.

முதல் முறை முட்டியோ இடுப்போ மாற்றிக்கொள்பவர்களில் 100 பேருக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான் மூட்டில் கிருமித் தொற்று வருகிறது. ஆனால் வந்தால் சுமை பெரிது. தொற்று இருப்பது தெரியாமல் புது மூட்டைப் பொருத்தினால் அதுவும் கெடும். தொற்று இல்லாதவருக்கு இருக்கிறது என்று முடிவு கட்டினால் நல்ல மூட்டைக் கழற்றி, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் ஆய்வக விடை எந்தப் பக்கமும் பிசகக் கூடாது.

சாதாரணப் புண் வேறு, செயற்கை மூட்டு வேறு

கோயில் குளத்துப் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். கையில் அள்ளிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் படியில் கால் வைத்தால் வழுக்கும். பாசி தண்ணீரில் இல்லை, கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் போகாது, சுரண்டினால்தான் வரும்.

செயற்கை மூட்டின் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் பாக்டீரியா இப்படித்தான் வாழ்கிறது. முதலில் சில பாக்டீரியாக்கள் மேற்பரப்பில் ஒட்டுகின்றன. பெருகப் பெருக, தம்மைச் சுற்றிச் சர்க்கரையும் புரதமும் கலந்த ஒரு பசையைச் சுரந்து அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. இந்தப் பசைக் குடியிருப்புக்கு உயிர்ப்படலம் என்று பெயர். மருத்துவமனையில் பயோஃபிலிம் என்பார்கள். பல்லில் படியும் காறையும் ஓர் உயிர்ப்படலமே.

படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியா அடங்கிக் கிடக்கும், மெதுவாகவே பெருகும். பெருகும் பாக்டீரியாவைக் கொல்லவே பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் செய்யப்பட்டிருப்பதால், அடங்கிக் கிடப்பதன் மேல் அவை சரியாக வேலை செய்வதில்லை. சுதந்திரமாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படலாம். உடலின் வெள்ளை அணுக்களும் உலோகப் பரப்பில் திணறுகின்றன.

கிருமி பிடிக்க எத்தனை பாக்டீரியா வேண்டும் என்ற கணக்கே இங்கே மாறிவிடுகிறது. 1957-இல் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் இதைச் சோதித்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பத்து லட்சக்கணக்கில் ஸ்டாஃபைலோகாக்கஸ் தேவைப்பட்டது. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. ஒரு நூலுக்கே இப்படி என்றால், முழங்காலில் உள்ளங்கை அளவு உலோகம் இருக்கிறது.

இதனால்தான் ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற, நம் எல்லோருடைய தோலிலும் சாதுவாக வாழும் பாக்டீரியா கூட செயற்கை மூட்டில் தொற்றாகிவிடுகிறது. அறுவை நடந்த சில வாரங்களுக்குள் வரும் தொற்றில் சிவப்பு, காய்ச்சல், சீழ் என்று வெளிப்படையாகத் தெரியும். ஆனால் இந்தச் சாதுக் கிருமிகள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பதுங்கியிருந்து வெறும் வலியாக, மூட்டு லேசாக ஆடுவதாக மட்டும் காட்டிக்கொள்ளும். இங்கே பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கிருமி நீரில் மிதப்பதைவிட மூட்டின் பரப்பில் ஒட்டியிருக்கிறது, எண்ணிக்கையில் குறைவு, அடங்கிக் கிடக்கிறது, தோலில் சாதாரணமாக இருக்கும் இனமாகவும் இருக்கலாம். ஆய்வகத்தின் சிக்கல் எல்லாம் இந்த நான்கிலிருந்துதான் வருகிறது.

கல்ச்சர் என்பது உறை ஊற்றுவது மாதிரி

கல்ச்சர் என்றால் மாதிரியில் உள்ள பாக்டீரியாவுக்குச் சாப்பாடும் சூடும் கொடுத்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகவிடுவது. வீட்டில் பால் உறை ஊற்றுவதும் இதே வேலைதான். பிரை மோர் போதுமான அளவு இருக்க வேண்டும், பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், நேரம் கொடுக்க வேண்டும். மார்கழிக் குளிரில் ராத்திரி உறை ஊற்றிவிட்டு விடிகாலை ஐந்து மணிக்குத் திறந்தால் பால் பாலாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பிரையில் உயிரே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். இன்னும் நேரம் ஆகவில்லை என்போம்.

‘வளர்ச்சி இல்லை’ என்ற வரிக்கும் அதுதான் பொருள். கொடுத்த மாதிரியில், கொடுத்த சாப்பாட்டில், கொடுத்த நேரத்தில் எதுவும் வளரவில்லை. மூட்டில் கிருமியே இல்லை என்ற உறுதி அந்த வரியில் இல்லை.

நேரம் எத்தனை முக்கியம் என்பதற்குக் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் ஓர் உதாரணம். முகப்பருவோடு தொடர்புள்ள இந்தப் பாக்டீரியா தோள்பட்டைச் செயற்கை மூட்டுகளில் அடிக்கடி சிக்குகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் நன்றாக வளரும்; ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் தெரிய ஒரு வாரத்துக்கு மேல், சில நேரம் 13 நாள் வரை ஆகும். சாதாரணச் சீழ்த் தட்டை 48 மணி நேரத்தில் முடித்துவிடுவது வழக்கம். அதே வழக்கத்தில் இதையும் முடித்தால், வளரத் தொடங்கும் முன்பே தட்டு குப்பைக்குப் போய்விடும். அதனால்தான் செயற்கை மூட்டு மாதிரிகளை 14 நாள் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

உறை விழாமல் போக இன்னொரு காரணம் ஆன்டிபயாடிக். எங்கோ வலி என்று போய் ஐந்து நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். அந்த மருந்து படலத்தை அழிக்காது. ஆனால் திசுவிலும் நீரிலும் இருக்கும் பாக்டீரியாவை, தட்டில் வளர முடியாத அளவுக்கு முடக்கிவிடும். நோய் அப்படியே இருக்க, தடயம் மட்டும் அழிகிறது. எனவே மாதிரி எடுப்பதற்கு முன் குறைந்தது 2 வாரம் ஆன்டிபயாடிக் இல்லாமல் இருப்பது நல்லது. கடுங்காய்ச்சலோடு, இரத்தத்தில் கிருமி பரவிய நிலையில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்குக் காத்திருக்க நேரம் கிடையாது. மருந்தை நிறுத்தும் முடிவு எப்போதும் சிகிச்சை தரும் மருத்துவருடையது.

இரத்தமும் மூட்டு நீரும் என்ன சொல்கின்றன

கல்ச்சர் கிருமியையே தேடுகிறது. அதற்கு முன்னால், கிருமியோடு உடல் சண்டை போடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. சண்டையின் புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது போல.

இரத்தத்தில் பார்ப்பவை இரண்டு. உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம் சி.ஆர்.பி.; லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் சந்தேகம். சிவப்பணுக்கள் குழாயில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் அடியில் படிகின்றன என்பது ஈ.எஸ்.ஆர்.; 30 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகம். அறுவை நடந்ததாலேயே சி.ஆர்.பி. ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு, சில வாரங்களில் இறங்கிவிடும். ஈ.எஸ்.ஆர். இறங்க மாதக்கணக்கு ஆகலாம். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இரண்டுமே எப்போதும் ஏறியிருக்கும். மறுபக்கம், சாதுக் கிருமித் தொற்றில் இரண்டும் சரியாகவே இருந்துவிடுவதும் உண்டு. இவை வாசல் கதவுதான். தீர்ப்பை இவற்றை வைத்து எழுத முடியாது.

மூட்டு நீர் இன்னும் கிட்டத்தில் இருந்து பேசும். அதில் ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை வெள்ளை அணுக்கள், அவற்றில் நியூட்ரோஃபில் எனப்படும் சீழ் அணுக்கள் எத்தனை சதவீதம் என்று எண்ணுகிறார்கள். இங்கேயும் ஒரு பழைய பழக்கம் காலை வாருகிறது. இயற்கையான முட்டியில் சீழ் பிடித்தால் 50,000, அதற்கு மேல் என்று பார்த்துப் பழகியவர்கள், செயற்கை முட்டியில் 4,000 என்ற எண்ணைப் பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். செயற்கை மூட்டில் நாள்பட்ட தொற்றுக்கு எல்லைக்கோடு 3,000. நியூட்ரோஃபில் 80 சதவீதம். 2021-இல் வெளிவந்த ஐரோப்பிய வரையறை 1,500-ஐயும் 65 சதவீதத்தையும் தாண்டினாலே சந்தேகப் பட்டியலில் வைக்கிறது. அறுவை முடிந்த முதல் ஆறு வாரத்தில் மட்டும் கோடு உயர்கிறது: 10,000, 90 சதவீதம்.

இந்த எண்ணைக் கெடுப்பவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். எண்ணிக்கைக்கான நீர் ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாயில் போக வேண்டும். ஊற்றியவுடன் குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். விட்டுவிட்டால் நீர் உறைந்து, அணுக்கள் கட்டிக்குள் சிக்கி, எண் பொய்யாகக் குறையும். ஊசியில் நீரே வரவில்லை என்று சலைனை உள்ளே செலுத்தித் திரும்ப உறிஞ்சினால், அந்த நீரில் எண்ணும் எண்ணுக்கு மதிப்பில்லை. மரத்துப்போகும் மருந்து தோலோடு நிற்க வேண்டும். மூட்டுக்குள் போனால் பாக்டீரியாவின் வளர்ச்சியை அதுவே தடுக்கக்கூடும். உலோகம் உலோகத்தோடு உரசும் வகை மூட்டுகளில் உதிரும் துகள்களை எந்திரம் அணுக்கள் என்று எண்ணிவிடும். அங்கே நுண்ணோக்கியில் கண்ணால் எண்ண வேண்டும்.

நீர் கொஞ்சமே கிடைத்தால் 1 மில்லிலிட்டரை எண்ணிக்கைக்கு வைத்துவிட்டு, மீதியை இரத்தக் கல்ச்சர் பாட்டிலில் அங்கேயே ஊற்றிவிடலாம். குறைந்த அளவு நீருக்குக் குழந்தைகளுக்கான பாட்டில் பொருந்தும்.

சிறுநீர்ச் சோதனைப் பட்டையை மூட்டு நீரில் தோய்த்து, வெள்ளை அணுக்களின் நொதிக்கு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும் பயன்தரும். இரண்டு நிமிடத்தில் முடியும், செலவு மிகக் குறைவு. நீரில் இரத்தம் கலந்திருந்தால் நிறம் தெரியாது. சுழற்றித் தெளியவைத்துப் பார்க்க வேண்டும். நியூட்ரோஃபில் சுரக்கும் ஆல்ஃபா டிஃபென்சின் என்ற புரதத்தைத் தேடும் பட்டையும் உண்டு. நல்ல சோதனை, விலைதான் அதிகம்.

சுருக்கமாக: புகை தெரிந்தால் நெருப்பை நம்பலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைப் புகை சொல்லாது. அதற்குக் கல்ச்சர்தான் வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் இல்லை

சோற்றுக்கு அந்தப் பழமொழி செல்லும். பானை முழுக்க ஒரே கொதி, ஒரே பதம். செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள திசுவில் கிருமி அப்படிச் சமமாகப் பரவியிருப்பதில்லை. இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு. அரை சென்டிமீட்டர் தள்ளி எடுத்த துண்டில் ஒன்றுமே இருக்காது. அதோடு, வெட்டும்போதோ ஆய்வகத்தில் கையாளும்போதோ தோலில் இருக்கும் பாக்டீரியா வந்து ஒட்டிக்கொள்ளலாம். மூட்டில் இல்லாமல் வழியில் ஏறிக்கொண்ட கிருமியை மாசு என்பார்கள். கொடுமை என்னவென்றால், மாசாக ஏறும் இனமும் தொற்றை உண்டாக்கும் இனமும் ஒன்றே: எபிடெர்மிடிஸ். தட்டில் வளர்ந்ததைப் பார்த்து இது எந்த வழியாக வந்தது என்று சொல்லவே முடியாது.

இதற்கு விடை, தனித்தனிச் சாட்சிகள். ஒருவர் சொன்னால் சந்தேகிக்கலாம். ஒருவரோடு ஒருவர் பேசாத மூன்று பேர் ஒரே அடையாளம் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் அட்கின்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்காகவே நிறுவியது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மாதிரிகளில் ஒரே கிருமி வளர்ந்தால் தொற்று இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 95 சதவீதம். ஐந்து அல்லது ஆறு மாதிரிகள் எடுங்கள், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் ஒரே கிருமி என்றால் தொற்று என்று கொள்ளுங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. இன்றுவரை நடைமுறை அதன் மேல்தான் நிற்கிறது.

ஏன் ஐந்து? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரிவதற்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. தொற்றுள்ள மூட்டில் ஒரு துண்டில் கிருமி சிக்கும் வாய்ப்பு 60 சதவீதம் என்போம். ஒரே துண்டு அனுப்பினால் 100 பேரில் 40 பேரைத் தவறவிடுவோம். மூன்று துண்டு அனுப்பி, இரண்டில் வளர வேண்டும் என்று கேட்டால் 65 பேர் சிக்குவார்கள். ஐந்து துண்டு அனுப்பினால் 91 பேர். இப்போது மறுபக்கம்: தொற்றே இல்லாத மூட்டில் ஒரு துண்டில் மாசு ஏறும் வாய்ப்பு 5 சதவீதம் என்போம். ஐந்து துண்டில் ஏதாவது ஒன்றில் மாசு ஏறுவது 100-க்கு 23 பேருக்கு நடக்கும். இரண்டில் ஏறுவது 2 பேருக்குத்தான். இரண்டிலும் ஒரே கிருமி ஏறுவது அதிலும் குறைவு. ‘ஐந்தில் ஒன்று’ என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்கிய அந்த வீட்டுக்கு இந்தக் கணக்கில் பதில் இருக்கிறது.

சாட்சிகள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தால்தான் கணக்குப் பலிக்கும். ஒரே கத்தி, ஒரே இடுக்கியால் ஐந்து துண்டும் எடுத்தால், முதல் துண்டில் ஏறிய மாசு ஐந்துக்கும் போய்விடும். சாம்பார் கரண்டியையே ரசத்துக்கும் போட்டால் ரசத்தில் பருப்பு தெரிவது போல. எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய கத்தி முனை, புதிய இடுக்கி, தனி டப்பா. அறுவை தொடங்கும் முன்பே ஐந்து செட் பிரித்து, டப்பாவில் 1 முதல் 5 வரை எண் எழுதித் தயாராக வைத்துவிட்டால் நடுவில் தடுமாற்றம் இராது. எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் எழுத வேண்டும். எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையில் படர்ந்திருக்கும் சவ்வில் கிருமி சிக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ ஒரு கனசென்டிமீட்டர்.

பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்புவதை விட்டுவிட வேண்டும். குச்சியில் ஏறுவதே கொஞ்சம், அதில் பாதி பஞ்சிலேயே தங்கிவிடும். தோலில் புரை வைத்து ஒழுகும் வாயைத் துடைத்து அனுப்பினால் தோலின் கிருமிகள்தான் வளரும். இன்னொரு விபத்தும் நடக்கிறது: ஐந்து டப்பாவிலும் ஃபார்மலின் ஊற்றி அனுப்பிவிடுவது. நோய்க்கூறு ஆய்வுக்குப் போகும் துண்டுக்கு ஃபார்மலின் சரி. கல்ச்சர் துண்டில் ஒரு துளி பட்டாலும் கிருமி செத்துவிடும், திரும்ப எடுக்க வழி கிடையாது. கல்ச்சர் டப்பாவில் எதுவும் ஊற்ற வேண்டாம். மிகச் சிறிய துண்டு காய்ந்துவிடும் என்று தோன்றினால் நுண்ணுயிர் நீக்கிய சலைன் சில துளிகள் போதும். டப்பாக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை எட்ட வேண்டும்.

ஆய்வகத்துக்குள்

திசுத் துண்டை அப்படியே தட்டில் தேய்த்தால் வெளிப்புறத்தில் உள்ளதுதான் வளரும். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும். கண்ணாடி மணிகளும் சலைனும் உள்ள மூடிய குழாயில் துண்டைப் போட்டுக் குலுக்கும் எந்திரத்தில் வைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் மணிகள் துண்டைச் சிதைத்துவிடும். அம்மியிலோ உரலிலோ அரைப்பது போலத் திறந்து வைத்து அரைத்தால் காற்றிலிருந்து மாசு ஏறும். மூடிய குழாயின் நன்மை அதுதான். இந்த வேலை முழுவதும் காற்று வடிகட்டிய பாதுகாப்புப் பெட்டிக்குள் நடக்கிறது. கூடவே திசு போடாத ஒரு குழாயையும் அதே வரிசையில் கொண்டுபோக வேண்டும். அதில் ஏதாவது வளர்ந்தால் மாசு ஆய்வகத்தில் ஏறியது என்று தெரிந்துவிடும்.

சிதைந்த கலவை ஆக்சிஜன் உள்ள தட்டுகளுக்கும் ஆக்சிஜன் இல்லாத தட்டுகளுக்கும் போகிறது. கூடவே இரத்தக் கல்ச்சர் பாட்டில்களிலும் ஊற்றினால் பலன் கூடுகிறது. பாட்டிலில் உள்ள பிசின் மணிகள் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை ஓரளவு உறிஞ்சிவிடும். எந்திரமே இடைவிடாமல் கவனித்து, வளர்ச்சி தொடங்கியதும் மணி அடிக்கும். திசுவை இப்படிப் பாட்டிலில் வளர்த்தால் மூன்று மாதிரிகளே போதுமான துல்லியம் தருகின்றன, வளர்ப்புத் தட்டும் சாதாரண ஊட்டத் திரவமும் மட்டும் என்றால் நான்கு வேண்டும் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். இருந்தாலும் நான் ஐந்தையே விரும்புவேன். ஒரு டப்பா கீழே விழுந்தாலும் நான்கு மிஞ்சும்.

இரண்டு மாதிரிகளில் எபிடெர்மிடிஸ் வளர்ந்துவிட்டது. உடனே தொற்று என்று எழுதலாமா? பெயர் ஒன்று என்பதால் ஆள் ஒன்று ஆகாது. ஒன்றாம் டப்பாவில் வளர்ந்தது எரித்ரோமைசினுக்கும் கிளிண்டாமைசினுக்கும் அடங்காதது, நான்காம் டப்பாவில் வளர்ந்தது இரண்டுக்கும் அடங்குவது என்றால், இவை இரண்டும் ஒரே ஊர்ப் பெயருள்ள இரு வேறு ஆட்கள். இரண்டு மாசுகளாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே ஒவ்வொரு மாதிரியில் வளர்ந்ததற்கும் தனியே மருந்துச் சோதனை செய்ய வேண்டும். ‘இது தோல் கிருமி’ என்று முதல் தட்டையே தூக்கிப்போட்டுவிட்டால், ஒன்பதாம் நாள் இன்னொரு தட்டில் அதே கிருமி வளரும்போது ஒப்பிட எதுவும் கையில் இருக்காது.

கழற்றிய மூட்டையே கேட்பது

படியில் உள்ள பாசியைச் சுரண்டாமல் தண்ணீரை மட்டும் சோதிப்பானேன்? கழற்றிய உலோகத்தையே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி அலைகளால் படலத்தை உதிர்க்கும் இந்த முறைக்கு சோனிகேஷன் என்று பெயர். நகைக்கடையில் மோதிரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு அழுக்கு எடுக்கிறார்களே, அதே தத்துவம்.

கழற்றிய பாகத்தை மூடி இறுகும் கெட்டியான டப்பாவில் போட்டு அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் அது மூழ்கும் அளவு ரிங்கர் கரைசல் என்ற உப்பு நீரை, பெரிய முட்டி மூட்டுக்கு 400 மில்லிலிட்டர் போல, ஊற்றுகிறார்கள். 30 விநாடி வேகமாகக் குலுக்கி, 40 கிலோஹெர்ட்ஸ் ஒலித் தொட்டியில் 5 நிமிடம் வைத்து, திரும்ப 30 விநாடி குலுக்குகிறார்கள். உதிர்ந்த கிருமிகள் இப்போது நீரில் இருக்கும். அந்த நீரைத் தட்டில் ஊற்றுகிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 50-க்கு மேல் பாக்டீரியாக் கூட்டங்கள் வளர்ந்தால் உறுதியான தொற்று. ஒன்றிரண்டு மட்டும் வளர்ந்தால் யோசிக்க வேண்டும்.

தொடக்கத்தில் டப்பாவுக்குப் பதில் பிளாஸ்டிக் பையைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். உலோகத்தின் கூரான விளிம்பு பையைக் குத்தி, தொட்டி நீர் உள்ளே கசிந்து, தொட்டியில் இருந்த கிருமிகள் எல்லாம் ரிப்போர்ட்டில் ஏறின. கெட்டி டப்பா என்று அழுத்திச் சொல்வது அதனால்தான்.

2007-இல் மேயோ கிளினிக்கில் டிராம்புஸ் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 331 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். தொற்றுள்ளவர்களில் திசுக் கல்ச்சர் 60.8 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது, சோனிகேஷன் 78.5 சதவீதம் பேரை. அறுவைக்கு முந்தைய 14 நாளுக்குள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் திசுக் கல்ச்சர் 45 சதவீதத்துக்கு விழுந்தது, சோனிகேஷன் 75-இல் நின்றது. அதே சமயம், நல்ல முறையில் ஐந்து திசுத் துண்டு எடுத்துப் பாட்டிலில் வளர்க்கும் ஆக்ஸ்ஃபோர்டில் பின்னர் ஒப்பிட்டபோது திசுக் கல்ச்சரே முந்தியது. ஒலித் தொட்டி வாங்க வசதி இல்லாத ஆய்வகம் மனம் தளர வேண்டியதில்லை. ஐந்து துண்டும் தனிக் கருவிகளும் 14 நாளும் எந்த ஊரிலும் முடியும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது

ஒரு சோதனையும் தனியே தீர்ப்புச் சொல்லாது என்பதால், 2018-இல் பார்விசி என்ற மூட்டு அறுவை மருத்துவர் தலைமையிலான குழு மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தது. தோலிலிருந்து மூட்டு வரை புரை ஓடியிருந்தாலோ, இரண்டு மாதிரிகளில் ஒரே கிருமி வளர்ந்தாலோ நேரடியாகத் தொற்று. இல்லையென்றால் மதிப்பெண் கூட்ட வேண்டும்: சி.ஆர்.பி. உயர்வுக்கு 2, ஈ.எஸ்.ஆருக்கு 1, மூட்டு நீரில் 3,000-க்கு மேல் வெள்ளை அணுக்களுக்கு 3, நியூட்ரோஃபில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 2. மொத்தம் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் தொற்று.

முதல் வீட்டு அம்மாவின் எண்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: சி.ஆர்.பி. 14, ஈ.எஸ்.ஆர். 42, வெள்ளை அணுக்கள் 4,200, நியூட்ரோஃபில் 84 சதவீதம். கூட்டினால் 2, 1, 3, 2: மொத்தம் 8. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, ஆனாலும் இது தொற்று. இரண்டாவது வீட்டில் சி.ஆர்.பி. 4, ஈ.எஸ்.ஆர். 18, அணுக்கள் 400, நியூட்ரோஃபில் 30 சதவீதம், நுண்ணோக்கியில் திசுவில் சீழ் அணுக்கள் இல்லை. ஒற்றைக் கல்ச்சருக்கு இந்த முறையில் 2 மதிப்பெண். மொத்தம் 2, தொற்று இல்லை.

மரபணுச் சோதனையும் காசநோயும்

பி.சி.ஆர். வந்துவிட்டதே, எல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். மூட்டு நீருக்கென்று பல கிருமிகளை ஒரே நேரத்தில் தேடும் பி.சி.ஆர். பெட்டிகள் உண்டு. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பயோஃபயர் பெட்டியின் பட்டியலில் எபிடெர்மிடிஸும் இல்லை, கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸும் இல்லை. நாம் இதுவரை பேசிய இரு சாதுக் கிருமிகளும் அதன் கண்ணில் படாது. எல்லாப் பாக்டீரியாவையும் தேடும் மரபணு வரிசை ஆய்வு, கல்ச்சர் கைவிட்ட இடத்தில் உதவும். ஆனால் செத்த கிருமியின் மரபணுவையும் காட்டும், மாசையும் காட்டும், எந்த மருந்து கேட்கும் என்பதை முழுதாகச் சொல்லாது.

நம் நாட்டில் கல்ச்சர் திரும்பத் திரும்ப வெறுமையாக வந்தால் காசநோயையும் பூஞ்சையையும் நினைக்க வேண்டும். காசநோய்க் கிருமி சாதாரணத் தட்டில் 14 நாள் வைத்தாலும் வராது. அதற்கென்று உள்ள திரவ ஊடகத்தில் 42 நாள் வரை வைக்க வேண்டும், விரைவுச் சோதனைக்குச் சி.பி.நாட் என்ற மரபணுச் சோதனை இருக்கிறது. தனியாக எழுதிக் கேட்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

படிவத்தில் எழுத வேண்டியது

மாதிரியோடு வரும் படிவத்தில் ‘சீழ், கல்ச்சர்’ என்று இரண்டே சொல் இருந்தால், ஆய்வகம் அதைச் சாதாரணச் சீழாகத்தான் எடுத்துக்கொள்ளும். 48 மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். எழுத வேண்டியவை: இது செயற்கை மூட்டு, எந்த மூட்டு, எப்போது பொருத்தியது. கடைசியாக எந்த ஆன்டிபயாடிக், எந்தத் தேதி வரை. மாதிரி எத்தனை, ஒவ்வொன்றும் எங்கே எடுத்தது. 14 நாள், ஆக்சிஜன் இல்லாத வளர்ப்பும் சேர்த்து. ஒவ்வொரு மாதிரிக்கும் தனி விடை.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் தேதியைப் பாருங்கள். மாதிரி கொடுத்த மூன்றாம் நாளே ‘இறுதி அறிக்கை, வளர்ச்சி இல்லை’ என்று இருந்தால், தட்டுகள் இன்னும் அடைகாப்புப் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று அன்றே ஆய்வகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். எறிவதற்கு முன் கேட்டால் மீதி நாட்களையும் வைத்துப் பார்க்க முடியும்.